வரையத் தெரியாதவர் கலை படிக்கலாமா?

வணக்கம். காட்சிப் பண்பாடு முதுகலைப் படிப்பில் சேர விரும்புகிறேன். எனக்கு வரைய வராது. இதைப் படித்தால் கலை உலகில் என்ன வேலை கிடைக்கும் என்று வீட்டில் கேட்கிறார்கள். என்னிடம் பதில் இல்லை.
க.

அன்புள்ள க.,

வரைய வராதது ஒரு குறையே இல்லை. காட்சிப் பண்பாடு என்பது படங்களையும் கலைப்பொருள்களையும் யார், எப்படி உருவாக்கினார்கள், பார்த்தார்கள் என்று ஆராயும் படிப்பு. அதற்குக் கண்ணும் மொழியும் வேண்டும்.

1917-இல் மார்செல் டுஷாம்ப் என்ற பிரெஞ்சுக் கலைஞர், ஆண்கள் கழிப்பறையில் பொருத்தும் ஒரு பீங்கான் சிறுநீர்க் கோப்பையில் ‘ஆர். மட்’ என்று புனைபெயரில் கையெழுத்திட்டு நியூயார்க் கண்காட்சி ஒன்றுக்கு அனுப்பினார். அதைக் காட்சிக்கு வைக்கவில்லை. பிறகு அது தொலைந்தும் போனது. ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் எடுத்த புகைப்படம் ஒரு சிற்றிதழில் அச்சானதால்தான் அது நம் நினைவில் தங்கியது. 1964-இல் மறுபிரதிகள் செய்தபோதும் அந்தப் படமே ஆதாரம். ‘இது கலையா?’ என்ற கேள்வியோடு நீங்கள் நின்றுவிட முடியாது. படத்தை எடுத்தவர் எந்தக் கோணத்தில் நின்றார், அதை யார் அச்சிட்டார்கள், யார் பார்த்தார்கள் என்றும் கேட்க வேண்டும். எனக்கு இந்தத் துறைமேல் பற்று வந்தது இந்தக் கேள்விகளால்தான்.

வேலை என்றதும் எல்லோருக்கும் கண்காட்சிகளைத் திட்டமிட்டு அமைக்கும் கியூரேட்டர் பதவிதான் நினைவுக்கு வருகிறது. அந்த இடங்கள் மிகக் குறைவு. அருங்காட்சியகப் பதிவாளரை யாரும் நினைப்பதில்லை. கடனாக வரும் ஓவியத்தின் காப்பீடு, பெட்டி, பயணம் எல்லாம் அவர் பொறுப்பு. பெட்டியைத் திறந்ததும் நிலை அறிக்கை எழுத வேண்டும்: விரிசல் எந்த மூலையில், எத்தனை மில்லிமீட்டர், சட்டத்தில் புதிய கீறல் உண்டா. என் முதல் அறிக்கையில் ‘சோகமான நீலம்’ என்று எழுதினேன். மூத்தவர் அதை அடித்துவிட்டு, “நீலம் எங்கே உதிர்ந்திருக்கிறது?” என்று கேட்டார். அன்றுதான் பார்க்கத் தொடங்கினேன்.

உடைமை வரலாற்று ஆய்வும் இருக்கிறது. நாஜிகள் பறித்த கலைப்பொருள்கள் குறித்து 1998-இல் வாஷிங்டனில் 44 நாடுகள் கொள்கைகளை ஏற்றபின், நாஜிகள் ஆட்சியில் இருந்த 1933 முதல் 1945 வரை ஓர் ஓவியம் யார் கையில் இருந்தது என்பது தட்டிக்கழிக்க முடியாத கேள்வியாகிவிட்டது. பழைய ஏலப் பட்டியல்களையும் ஓவியத்தின் முதுகில் ஒட்டிய சீட்டுகளையும் பொறுமையாகப் படிப்பவர்கள் அதற்குத் தேவை. பழுதுநீக்கும் பணியில் ஆசை என்றால் வேதியியலும் படியுங்கள்.

தொடக்கத்தில் ஊதியம் குறைவு என்பதை வீட்டில் மறைக்காதீர்கள். ஊதியமே தராமல் வேலை வாங்கும் பயிற்சிகளுக்கு ஒப்புக்கொள்ளவும் வேண்டாம், அது நியாயமல்ல.

விண்ணப்பிக்கும் முன், ஒரே ஓவியத்தின் முன் ஒரு மணி நேரம் உட்காருங்கள். கண்ணில் பட்டதை மட்டும், உணர்ச்சிச் சொல் ஒன்றுகூட இல்லாமல், இரண்டு பக்கம் எழுதி எனக்கு அனுப்புங்கள். வரிக்கு வரி படித்துப் பதில் எழுதுகிறேன்.