பெயர் சொன்னால் திறக்காத கோப்புறை

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் சுமார் 20 கணினிகள் உள்ளன. கணக்குப் பிரிவின் கோப்புகள் கீழ்த்தளத்தில் 192.168.1.40 என்ற முகவரியில் உள்ள விண்டோஸ் சர்வரில் பகிரப்பட்டிருக்கின்றன. சென்ற மாதம் மேல்தளத்துக்கென்று ஒரு வைஃபை ரவுட்டர் வாங்கி இணைத்தோம். அங்குள்ள கணினிகளுக்கு 192.168.2 என்று தொடங்கும் முகவரிகள் கிடைக்கின்றன. அன்றிலிருந்து மேல்தளத்தில் சர்வரின் பெயரைக் கொடுத்தால் ‘நெட்வொர்க் பாதை கிடைக்கவில்லை’ என்று வருகிறது. ஐபி முகவரியைக் கொடுத்தால் உடனே திறக்கிறது. இரண்டு கணினிகள் மட்டும் பெயரை ஏற்றுக்கொண்டு, 192.168.1.15 என்ற வேறொரு கணினிக்குப் போய் நிற்கின்றன. கோப்புப் பகிர்வுக்கான பழைய நெறிமுறையான எஸ்எம்பி1-ஐ இயக்கினால் சரியாகிவிடும் என்கிறார் நண்பர். இயக்கலாமா?

பதில்: இயக்க வேண்டாம், காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். முகவரியைக் கொடுத்துப் பார்த்ததன் மூலம் பாதி வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள். முகவரிக்குத் திறக்கிறது என்றால் கேபிள், ஸ்விட்ச், சர்வர் ஃபயர்வாலில் கோப்புப் பகிர்வுக்கான 445-ஆம் போர்ட், பயனரின் அனுமதி எல்லாம் சரியாகவே இருக்கின்றன. ஆகவே பாஸ்வேர்டை மாற்றுவதிலோ, கோப்புறையின் அனுமதியை எல்லோருக்கும் திறந்துவிடுவதிலோ யாரும் இறங்கத் தேவையில்லை. (பலரும் முதலில் செய்வது அதைத்தான். தொல்லை அப்படியே இருக்கும். கோப்புறை மட்டும் காவலின்றிக் கிடக்கும்.) அந்தப் பிழைச் செய்தியையும் அதிகம் நம்ப வேண்டாம். அதன் குறியீடு 80070035 என்று இருக்கும். கடைசியில் உள்ள 35 என்ற ஹெக்ஸாடெசிமல் எண், சாதாரண எண்ணில் 53. பெயர் புரியாதபோதும் விண்டோஸ் இந்த 53-ஐத்தான் காட்டும். பெயர் புரிந்து, மறுமுனையிலுள்ள கணினி பேசாதபோதும் இதையேதான் காட்டும்.

உங்கள் அலுவலகத்தில், பெயர்களுக்கு உரிய முகவரிகளைச் சொல்லும் டிஎன்எஸ் சர்வர் ஒன்று இருப்பதாகத் தெரியவில்லை. அப்படியானால் இதுவரை பெயரை முகவரியாக மாற்றித் தந்தது, கணினிகள் போடும் கூப்பாடுதான். ‘இந்தப் பெயருடையவர் யார்?’ என்று ஒரு கணினி நெட்வொர்க் முழுவதற்கும் கேட்கும். உரிய கணினி ‘நான்தான்’ என்று பதில் தரும். பழைய முறையான நெட்பயாஸ் இதை யுடிபி 137-ஆம் போர்ட்டிலும், பின்னர் வந்த எல்எல்எம்என்ஆர் 5355-இலும், எம்டிஎன்எஸ் 5353-இலும் செய்கின்றன. இந்தக் கூப்பாடு எதுவும் ரவுட்டரைத் தாண்டாது. புதிய ரவுட்டர் மேல்தளத்தைத் தனி நெட்வொர்க்காகப் பிரித்துவிட்டதால் மேலே கேட்பது கீழே எட்டுவதில்லை. முகவரியைக் கொடுக்கும்போது கேட்க வேண்டிய தேவையே இல்லை என்பதால் ரவுட்டர் அதைக் கீழே கடத்திவிடுகிறது.

மேல்தளம் தனியாக இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லையென்றால், ரவுட்டரை வெறும் வைஃபை நிலையமாக மாற்றிவிடுங்கள். முதலில் அதன் சொந்த முகவரியை 192.168.1 வரிசையில் வேறு எந்தக் கருவிக்கும் தரப்படாத ஓர் எண்ணாக வைத்து, கணினிகளுக்கு முகவரி வழங்கும் அதன் டிஹெச்சிபி-யை நிறுத்தி, கீழிருந்து வரும் கேபிளை இன்டர்நெட் துளையிலிருந்து பிடுங்கி லேன் துளைகளில் ஒன்றில் செருகினால், இரண்டு தளங்களும் ஒரே நெட்வொர்க் ஆகிவிடும். பிரிவு தேவையென்றால் உள் டிஎன்எஸ் சர்வர் ஒன்றை அமைத்து, அதன் முகவரியை மேல்தள ரவுட்டரின் டிஹெச்சிபி வழியாகக் கொடுக்க வேண்டும். அப்போது இரண்டு இடங்களில் கவனம் தேவை. புள்ளியில்லாத ஒற்றைப் பெயரை விண்டோஸ் அப்படியே டிஎன்எஸ்ஸிடம் கேட்காது. பெயருக்குப் பின் சேரும் டொமைன் பகுதியான பின்னொட்டையும் டிஹெச்சிபி-யில் சேர்த்துக் கொடுங்கள், அல்லது முழுப் பெயரைத் தட்டச்சு செய்யுங்கள். இரண்டாவது டிஎன்எஸ் என்று 8.8.8.8 போன்ற பொது சர்வரைப் போட்டுவைக்காதீர்கள். அதனிடம் உங்கள் உள்பெயரைக் கேட்டால் ‘அப்படி ஒன்று இல்லை’ என்று சொல்லும். கணினி அதையே இறுதிப் பதிலாக எடுத்துக்கொள்ளும். சில சமயம் திறக்கிறது, சில சமயம் திறப்பதில்லை என்ற புகார்களில் நான் முதலில் பார்ப்பது இந்த இடத்தைத்தான்.

வழிதவறும் இரண்டு கணினிகளின் கதை வேறு. அவற்றில் சர்வரின் பெயருக்கு ‘பிங்’ கட்டளை கொடுத்தால் 192.168.1.15 என்று வரும் என நினைக்கிறேன். சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், ஈடிசி என்று உள்ளே போனால் ‘ஹோஸ்ட்ஸ்’ என்ற கோப்பு இருக்கும். நோட்பேடில் திறந்தால், பெரும்பாலும் # குறியோடு தொடங்கும் வரிகளுக்குக் கீழே, யாரோ எப்போதோ எழுதிவைத்த ‘192.168.1.15 கணக்கு’ போன்ற ஒரு வரி அகப்படும். டிஎன்எஸ்ஸையும் கூப்பாட்டையும் முந்திக்கொண்டு இந்தக் கோப்புதான் பதில் தரும். சர்வர் முகவரி மாறிய பிறகும் அந்த வரி பழைய வீட்டுக்கே வழிகாட்டிக்கொண்டிருக்கும். நானே ஒரு முறை அவசரத்துக்கு எழுதி மறந்துபோன வரியைத் தேடி அரை நாளைத் தொலைத்தேன். அதற்குக் காரணம் என்எஸ்லுக்அப் கட்டளையை நம்பியதுதான்: அது டிஎன்எஸ்ஸை மட்டும் கேட்கும், ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பார்க்காது. பிங் ஒன்றும் என்எஸ்லுக்அப் இன்னொன்றும் சொன்னால் சந்தேகம் ஹோஸ்ட்ஸ் மீதோ, கணினி நினைவில் தங்கிவிட்ட பழைய பதிலின் மீதோ விழ வேண்டும். வரியை நீக்கியபின் டிஎன்எஸ் கேஷையும் நெட்பயாஸ் கேஷையும் காலி செய்யுங்கள். கணினியை மறுதொடக்கம் செய்தாலும் போதும். சர்வருக்கு நிலையான முகவரி தராமல் விட்டால் இதே குழப்பம் மீண்டும் வரும்.

இப்போது எஸ்எம்பி1. 2017 மே மாதம் வானாக்ரை என்ற பணம் பறிக்கும் மால்வேர் பரவியது இந்தப் பழைய நெறிமுறையில் இருந்த ஓட்டை வழியாகத்தான். அதே ஆண்டில் வந்த விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும் கணினிகளில் அது இயல்பாகச் சேர்க்கப்படுவதில்லை. அதை இயக்கினால் ‘நெட்வொர்க்’ ஜன்னலில் கணினிகளின் பட்டியல் வேண்டுமானால் திரும்ப வரலாம். பெயரை முகவரியாக்கும் வேலையை அது செய்வதில்லை. பட்டியல் காலியாக இருந்தாலும் பெயரைத் தட்டச்சு செய்தால் திறக்கிறதா என்பதே கேள்வி.

கேள்வி: எங்கள் சர்வரின் பெயர் 18 எழுத்துகள். சில கணினிகளில் முழுப் பெயரும், சிலவற்றில் வால் வெட்டப்பட்ட பெயரும் தெரிகின்றன. ஏன்?

பதில்: நெட்பயாஸ் பெயருக்கு 16 பைட்டுகள்தான் இடம். கடைசி பைட், அந்தப் பெயர் எந்தச் சேவைக்குரியது என்பதைக் குறிக்கும். எனவே உங்களுக்கு மிஞ்சுவது 15 எழுத்து. டிஎன்எஸ்ஸில் புள்ளிகளுக்கு இடைப்பட்ட ஒரு பகுதிக்கு 63 எழுத்துகள் வரை வைக்கலாம் என்பதால் அங்கே முழுப் பெயர் தெரிகிறது. முதல் 15 எழுத்துகள் ஒன்றாக உள்ள இரண்டு சர்வர்கள் ஒரே நெட்வொர்க்கில் இருந்தால் பெயர் மோதல் வரும். சுருக்கமாக மாற்றிவிடுங்கள், மாற்றிய அன்றே ஊழியர்களின் மேப் செய்த டிரைவ்களையும் புதுப் பெயருக்கு மாற்றிக் கொடுங்கள்.