பக்கத்திலேயே சீல் இருந்தும் பட்டினி

கேள்வி: ஓர்கா திமிங்கிலங்கள் திட்டம் போட்டு, கூட்டமாகச் சேர்ந்து வேட்டையாடுமாமே? அது பிறவியிலேயே வரும் திறமையா?

பதில்: பெரும்பாலும் கற்றுக்கொள்வதுதான். அதுவும் குடும்பத்துக்குக் குடும்பம், கடலுக்குக் கடல் வேறு.

அண்டார்க்டிக் கடலில் ஒரு பனிப்பாளத்தின்மேல் சீல் என்னும் கடல் பாலூட்டி படுத்திருக்கிறது. ஓர்காக்கள் தலையை நீருக்கு மேலே நீட்டி, அது என்ன சீல் என்று பார்க்கின்றன. அங்குள்ள ஒரு வகை ஓர்காவுக்கு வெடல் சீல்தான் வேண்டும். நண்டுண்ணி சீல் என்றால் பெரும்பாலும் விட்டுவிட்டுப் போய்விடும். வெடல் சீல்தான் என்று தெரிந்ததும் சற்றுத் தள்ளிப் போய், வரிசையாகச் சேர்ந்து, ஒரே நேரத்தில் வாலை அடித்துக்கொண்டு பாளத்தை நோக்கிப் பாய்கின்றன. அதில் எழும் அலை பாளத்தை உடைக்கும், இல்லையென்றால் சீலைத் தண்ணீரில் தள்ளிவிடும். விழவில்லையா, திரும்பிப் போய் மறுபடி அலை எழுப்பும். இத்தனை பேர் ஒரே தாளத்தில் வால் அடிப்பதை நினைத்தாலே எனக்கு வியப்பு தாங்காது.

நார்வே ஓர்காக்களுக்கு இதெல்லாம் வேண்டாம். ஹெர்ரிங் மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்து, வெள்ளை வயிற்றைக் காட்டியும் குமிழி விட்டும் பந்தாகத் திரட்டும். பிறகு வாலால் ஓங்கி அடித்து, மயங்கிய மீன்களை ஒவ்வொன்றாகத் தின்னும்.

அர்ஜென்டினாவின் வல்தேஸ் தீபகற்பத்தில் சில ஓர்காக்கள் அலையோடு கரையேறி, கடல் சிங்கக் குட்டிகளைக் கவ்விக்கொண்டு மீளும். கொஞ்சம் பிசகினால் மணலில் சிக்கிச் சாக வேண்டியதுதான். அதனால் பெரியவற்றின் பக்கத்திலேயே இருந்து குட்டிகள் பல வருடம் பழகுகின்றன.

அப்புறம், இதன் மறுபக்கம். அமெரிக்காவும் கனடாவும் சந்திக்கும் பசிபிக் கரையோரம் இரண்டு வகை ஓர்காக்கள் ஒரே நீரில் வாழ்கின்றன. ஒன்று சீல்களையும் மற்ற கடல் பாலூட்டிகளையும் தின்பது. இரை காதில் கேட்டுவிடும் என்பதால் வேட்டையின்போது பெரும்பாலும் வாய் திறக்காது. இன்னொன்று மீன் தின்பது, ஓயாமல் ஒலியெழுப்பும். மீன் தின்பவற்றில் தெற்கத்திக் குடும்பங்களுக்கு எல்லாவற்றையும்விட சினூக் சால்மன்தான் முக்கியம். சால்மன் குறைந்த வருடங்களில் முன்னால் நீந்தி வழி காட்டுவது பெரும்பாலும் ஈனும் வயதைக் கடந்த கிழவிகள்தான். மீன் எங்கே கிடைக்கும் என்ற பல வருட அனுபவம் அவர்களிடம் இருக்கிறது.

சினூக் முட்டையிட ஆற்றில் ஏறி வரும் மீன். அணைகளாலும் ஆறுகள் கெட்டதாலும் அது குறைந்துவிட்டது. சுற்றிலும் சீல்கள் ஏராளம், ஆனாலும் இவை சீலைத் தின்பதில்லை. அம்மாவும் பாட்டியும் கற்றுத் தராத உணவு அது. 2005-ல் அமெரிக்கா இக்குடும்பங்களை அழியும் நிலையில் உள்ளவை என்று அறிவித்தது. இன்று எண்பதுக்கும் குறைவாகவே இருக்கின்றன.

இவற்றுக்கு நாம் செய்யக்கூடிய பெரிய உதவி, ஆறுகளை மீனுக்குத் திறந்துவிடுவது. அமெரிக்காவின் மேற்கே ஓடும் கிளாமத் ஆற்றில் 4 அணைகளை இடித்து முடித்தது 2024-ல். அந்த இலையுதிர் காலத்திலேயே, அணைகள் இருந்த இடத்தைத் தாண்டி சினூக் சால்மன் மேலே ஏறி வந்துவிட்டது.