மண்ணில் சயனைடு: ஆய்வகக் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: நிலக்கரி வாயு ஆலை இருந்த இடத்து மண். ஒரே பையிலிருந்து மூன்று முறை எடுத்தோம், மூன்று விதமான எண். கருவியை மாற்றலாமா?

பதில்: கருவி இருக்கட்டும். மண்ணை ஒரு வெள்ளைத் தட்டில் கொட்டிப் பாருங்கள். நீலத் துணுக்குகள் தெரிகிறதா? அதுதான் பிரஷ்யன் நீலம், அதாவது இரும்புச் சயனைடு. வாயுவைச் சுத்திகரித்த இரும்பு ஆக்சைடு கழிவோடு வந்து சேர்ந்தது. ஒரு கிராம் மண்ணில் ஒரு துணுக்கு கூட விழுந்தாலே எண் எகிறிவிடும். நன்றாகக் கலந்து, நாலாகப் பிரித்துக் குறைத்து, 10 கிராமாவது எடுங்கள்.

அப்புறம், இந்த நீலம் அமிலத்தில் லேசில் கரையாது, காரத்தில்தான் கரையும். மண்ணை அப்படியே அமிலத்தோடு காய்ச்சி வடிக்கும் குடுவையில் போட்டால் ஒரு பகுதி அடியிலேயே தங்கிவிடும். முதலில் 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில், வெளிச்சம் படாமல், இரவு முழுக்கக் குலுக்குங்கள். காலையில் நீலம் போய், அடியில் பழுப்பு வண்டலும் மேலே மஞ்சள் கரைசலும் நின்றால் சரி, வடிக்கலாம்.

கேள்வி: பொட்டாசியம் சயனைடு சேர்த்துச் சோதித்தால் ஏறக்குறைய முழுதும் திரும்பக் கிடைக்கிறது. முறை சரிதானே?

பதில்: வடித்தலும், அளப்பதற்கான நிறமூட்டலும் சரி, அவ்வளவுதான். பொட்டாசியம் சயனைடு தானாகக் கரையும் உப்பு. உங்கள் மண்ணில் இருப்பது அதுவல்ல. சுத்தமான மண்ணில் பிரஷ்யன் நீலத்தையே எடை போட்டுக் கலந்து பாருங்கள். பல ஆய்வகங்களுக்கு மூக்குடைவது இங்கேதான்.

கேள்வி: மண்ணை உலர்த்தி அரைக்கலாமா?

பதில்: கூடாது. ஹைட்ரஜன் சயனைடு சுமார் 26 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும், உலர்த்தும்போதே பறந்துவிடும். ஈர மண்ணையே எடுங்கள், ஈரப்பதத்துக்குத் தனிப் பங்கு வையுங்கள்.

கேள்வி: சயனைடு அளவைக் கெடுக்கும் சல்பைடு இருப்பது எப்படித் தெரியும்?

பதில்: லெட் அசிடேட் தாளை அசிடேட் பஃபரில் நனைத்து, அதன் மேல் கரைசலை ஒரு சொட்டு விடுங்கள். கறுத்தால் உண்டு. அப்படியானால் வடிக்கும் முன் பிஸ்மத் நைட்ரேட் சேருங்கள். அமிலம் சேர்க்கும் வேலை எதுவானாலும் ஃபியூம் ஹூட்டுக்குள்தான் (வாயுவை வெளியே இழுக்கும் அடைப்பு).

கேள்வி: புற ஊதா ஒளியால் உடைக்கும் தொடர் ஓட்டக் கருவியில் எண் எப்போதும் கூடுதலாகவே வருகிறது.

பதில்: சுருள் குழாய் குவார்ட்ஸா, போரோசிலிகேட்டா? 290 நானோமீட்டருக்குக் கீழான ஒளி தயோசயனேட்டையும் (கந்தகம் சேர்ந்த வேறொரு சேர்மம்) உடைத்துச் சயனைடாகக் காட்டிவிடும். குவார்ட்ஸ் அதை உள்ளே விடும், போரோசிலிகேட் பெரும்பாலும் தடுத்துவிடும். தயோசயனேட் மட்டும் கரைத்த நீரை ஒருமுறை ஓட்டுங்கள். கருவியின் வரைகோடு எழும்பினால் குழாயை மாற்றுங்கள்.