டியூஷன் எடுப்பவருக்கு ஆசிரியர் தள்ளுபடி உண்டா?

கேள்வி: பி.எஸ்சி., பி.எட். முடித்து, 11 ஆண்டுகளாக வீட்டுத் திண்ணையில் டியூஷன் எடுத்து வருகிறேன். இப்போது 26 பிள்ளைகள் படிக்கிறார்கள். ஆசிரியர் தினத்தை ஒட்டி வேலூரில் ஒரு கடை வாசலில் ‘ஆசிரியர்களுக்குச் சிறப்புத் தள்ளுபடி’ என்று பேனர் கட்டியிருந்ததைப் பார்த்து லேப்டாப் வாங்கப் போனேன். பில் போடும் நேரத்தில் பள்ளி அடையாள அட்டை கேட்டார்கள். இல்லை என்றதும் முழு விலையைச் சொன்னார்கள். எங்கள் தெருவில் இருக்கும் ஓர் அண்ணன் பள்ளி அலுவலகத்தில் எழுத்தர். அவருக்கு அதே கடையில் தள்ளுபடி கிடைத்திருக்கிறது. பாடம் நடத்தும் நான் ஆசிரியர் இல்லையா?
– வாசகி, குடியாத்தம்

பதில்: தாங்கள் ஆசிரியர்தான் என்பதில் ஐயமில்லை, சகோதரி. ஆனால், தள்ளுபடி விலை அரசு தரும் உரிமையன்று. விற்பவர் தம் விருப்பத்தில் தருவது என்பதால், யார் யாருக்கு என்ற கோட்டையும் அவரே கிழித்துக்கொள்கிறார். அந்தக் கோடு பெரும்பாலும் பாடம் நடத்துவதைப் பார்ப்பதில்லை. ‘இவர் எங்களவர்’ என்று சொல்ல ஒரு கல்வி நிறுவனம் இருக்கிறதா என்பதையே பார்க்கிறது. எழுத்தருக்குக் கிடைத்ததற்குக் காரணம் இதுதான். ஆப்பிள் நிறுவனத்தின் கல்விச் சலுகையில்கூட ஆசிரியர்களோடு மற்றப் பணியாளர்களும் சேர்த்தி. அதில் வீட்டுக்கல்வி ஆசிரியர்களுக்கும் இடம் உண்டு. ஆயினும் அது பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே முழுப் படிப்பையும் நடத்துபவர்களைக் குறிப்பதால், மாலை நேர டியூஷனை அதில் அடக்க முடியாது.

கோடு எல்லா இடத்திலும் ஒன்றாக இருப்பதுமில்லை. இணையத்தில் படங்களும் பாடப் பக்கங்களும் வடிவமைக்க உதவும் கேன்வா, தன் கல்விப் பதிப்பைப் பள்ளி ஆசிரியர்களுக்கும் பள்ளி நூலகர்களுக்கும் இலவசமாகத் தருகிறது, கல்லூரி ஆசிரியர்களுக்குத் தருவதில்லை. ஆகவே ஒடுகத்தூர்ப் பக்கத்து ஒன்றியப் பள்ளி ஆசிரியைக்குக் கிடைப்பது காட்பாடியில் இருக்கும் பேராசிரியருக்குக் கிடைக்காது. அமெரிக்க வருமான வரிச் சட்டமோ மணிக்கணக்கே வைத்திருக்கிறது: பள்ளியில் ஒரு கல்வியாண்டில் குறைந்தது 900 மணி நேரம் வேலை பார்த்தால், வகுப்பு உதவியாளரும் வரிக் கழிவு கோரலாம், தம் பிள்ளைக்கு வீட்டிலேயே கற்பிக்கும் தாய் கோர முடியாது. நம் ஊர்க் கதை இன்னும் வேடிக்கையானது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 28ஆம் பிரிவில், பள்ளி ஆசிரியர் தனிப்பயிற்சி எடுக்கக் கூடாது என்கிறது. எனவே டியூஷன் எடுப்பவர் பள்ளிக்கு வெளியேதான் இருந்தாக வேண்டும். தள்ளுபடியோ பள்ளிக்கு உள்ளே நிற்கிறது.

அந்த அண்ணனின் அட்டையை வாங்கிப் போய்க் காட்டலாமா என்ற எண்ணம் வந்திருந்தால் விட்டுவிடுங்கள். அது ஆள்மாறாட்டம், அதோடு பில்லும் வாரன்டியும் அவர் பெயரில் நிற்கும், பழுது பார்க்கக் கொண்டுபோகும்போதெல்லாம் அவரைத் தேட வேண்டியிருக்கும். தாங்கள் பகுதி நேரமாகவாவது ஏதேனும் ஒரு நர்சரிப் பள்ளியில் வேலை பார்த்தால் நிலைமை வேறு; ஆனால் மேலே சொன்ன 28ஆம் பிரிவையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்துச் சிறு பள்ளிகள் பலவற்றில் நியமன ஆணையோ அட்டையோ தராமல் வவுச்சரில் சம்பளம் கொடுப்பது வழக்கமாக இருப்பதால், பள்ளியின் லெட்டர்பேடில், பள்ளிக்கு அரசு தந்திருக்கும் 11 இலக்க அடையாள எண்ணான யுடைஸ் எண்ணுடன், தலைமையாசிரியர் கையெழுத்தும் முத்திரையும் இட்ட பணிச்சான்று ஒன்று கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. அதைக் கடைக்காரர் ஏற்பாரா என்பதை மட்டும் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

கடைக்காரர் பக்கம் ஒரு குறையும் எனக்குத் தெரிகிறது. அந்த பேனரில் நிபந்தனை எழுதியிருந்ததா, எந்த மொழியில், எத்தனை பெரிய எழுத்தில் என்று தாங்கள் குறிப்பிடவில்லை. விளம்பரங்கள் பற்றி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, விளம்பரம் எந்த மொழியிலோ நிபந்தனையும் அதே மொழியில், அதே எழுத்துருவில் இருக்க வேண்டும். ‘ஆசிரியர்களுக்கு’ என்பதைத் தமிழில் முழ நீளத்துக்கு எழுதிவிட்டு, அடியில் ஆங்கிலத்தில் எறும்பு வரிசை போல நிபந்தனையை ஓட்டுவது இதற்குப் பொருந்தாது. அப்படித்தான் இருந்ததென்றால், பேனரைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

கேள்வி: ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் நான். ஓய்வூதியப் புத்தகத்தைக் காட்டினால் போதாதா? என் மருமகளும் அரசுப் பள்ளி ஆசிரியைதான்.
– வாசகர், ஆற்காடு

பதில்: பெரும்பாலும் போதாது, ஐயா. ‘தற்போது பணியில் உள்ளவர்’ என்ற சொற்றொடர் அநேகமாக எல்லா நிபந்தனையிலும் இருக்கும். ரயிலில் தேசிய விருது பெற்ற ஆசிரியர்களுக்கு இருந்த 50 சதவீதக் கட்டணச் சலுகையைக்கூட 2020 மார்ச் 20 முதல் நிறுத்திவிட்டார்கள். மருமகளின் பெயரில், அவர் பயன்பாட்டுக்கே லேப்டாப் வாங்குவதானால் அவருடைய அட்டையைக் காட்டி அவரே வாங்கலாம். வீட்டில் ஓய்வு நேரத்தில் தாங்கள் அதைத் திறந்து பார்ப்பதை எந்தக் கடைக்காரரும் கேட்கப் போவதில்லை.