கப்பல் பாட்டும் கயிற்றுப் பாட்டும்

கேள்வி: ‘ஆயிரத்தில் ஒருவன்’ (1965) படத்தில் எம்.ஜி.ஆர். கப்பலில் பாடும் ‘அதோ அந்தப் பறவை போல’ பாட்டை மாலுமிப் பாட்டு என்று சொல்லலாமா? எங்கள் ஊரில் கரைவலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டும் அதுவும் ஒரே வகைதானா?
– வாசகர், தரங்கம்பாடி

பதில்: கப்பலில் பாடப்படும் பாட்டு என்று தாராளமாகச் சொல்லலாம், மாலுமிப் பாட்டு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பி.ஆர். பந்துலு இயக்கிய அந்தப் படத்தில் பாடுகிற மணிமாறன் மாலுமி அல்லர், மருத்துவர். அடிமையாக விற்கப்பட்ட ஒருவர் தம் தோழர்களோடு விடுதலையை எண்ணிப் பாடுவதாகத்தான் கண்ணதாசன் அதை எழுதினார். விசுவநாதன் – ராமமூர்த்தி இசையில் டி.எம். சௌந்தரராஜன் குரலும் குழுவினர் குரலும் சேர்ந்து எழும்போது நமக்கும் சிறகு முளைக்கிறது என்பது உண்மையே. ஆனால் வரி முடிகிற இடத்தில் ஒரு பாரம் நகர்ந்தாக வேண்டும் என்ற கட்டாயம் அந்த மெட்டுக்கு இல்லை.

அம்பாவுக்கு அந்தக் கட்டாயம் உண்டு. சிறுவயதில் நாகப்பட்டினம் பக்கம் கரைவலை இழுப்பதை நான் மணலில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஈரக் கயிற்றைப் பிடித்தவர்கள் பின்னோக்கி நடக்க, முன்பாட்டுக்காரர் ஒரு அடி எடுத்துக் கொடுப்பார். மற்றவர்கள் ‘ஏலேலோ’ என்று வாங்கும் அந்தக் கணத்தில்தான் எல்லாக் குதிகால்களும் ஒன்றாக மணலில் புதையும், கயிறு ஒரு முழம் கரையேறும். முன்பாட்டுக்காரர் இருமினால் வலையும் நின்றுவிடும்! மேலைநாட்டுப் பாய்மரக் கப்பல்களில் பாய் ஏற்றவும் நங்கூரம் தூக்கவும் பாடிய பாட்டுகளின் கட்டும் இதுவே: ஒருவர் பாட, பலர் வாங்க, வாங்கும் சொல்லில் இழுப்பு விழும். அங்கே நீராவி இயந்திரம் வந்ததும் பாட்டு ஓய்ந்தது. இங்கே வலை இழுக்க இயந்திரம் வந்த கரைகளிலும் அப்படியே.

திரையில் அசல் வகையைக் கேட்க விரும்பினால், ஜான் ஹூஸ்டன் இயக்கிய ‘மோபி டிக்’ (1956) படத்தைப் பாருங்கள். நாட்டுப்பாடல் சேகரிப்பாளரான ஏ.எல். லாயிட் அதில் மாலுமிகளுக்கு முன்பாட்டுக்காரராகவே தோன்றுகிறார்.

கேள்வி: அப்படியானால் சிலப்பதிகாரத்துக் கானல்வரி? அதுவும் கடற்கரைப் பாட்டுதானே?
– வாசகர், பூம்புகார்

பதில்: கடற்கரைப் பாட்டுதான், உழைப்புப் பாட்டு அன்று. காவிரி கடலோடு கலக்கும் உங்கள் ஊர்க் கரையில் கோவலனும் மாதவியும் யாழை மாற்றி மாற்றி வாங்கிப் பாடினார்கள். பரதவர் வாழ்க்கை அதில் நிறையவே வருகிறது. பாடுகிற இருவர் கையிலும் இருந்ததோ நரம்பு, வலைக்கயிறு அல்ல.