பைத்தான் கூப்பிட்ட புரோகிராம் எந்த ஃபோல்டரில் நிற்கிறது? (கேள்வி பதில்)

நம் வடாற்காடு பக்கத்து நண்பர்கள் இந்த முறை அனுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே சிக்கலைச் சுற்றியே இருந்தன: கையால் ஓட்டினால் ஓடும் புரோகிராம், பைத்தானிலிருந்து கூப்பிட்டால் ஃபைல் கிடைக்கவில்லை என்கிறது.

குடியாத்தம், லுங்கி மொத்த வியாபாரம்: அண்ணா, பில் போடும் பழைய இஎக்ஸ்இ ஒன்று இருக்கிறது. டபுள் கிளிக் செய்தால் ஓடுகிறது. பைத்தானிலிருந்து வேறு புரோகிராமை ஓட்டும் சப்பிராசஸ்.ரன் மூலம் கூப்பிட்டால் விலைப்பட்டியல் ஃபைல் இல்லை என்கிறது. அந்த ஃபைல் இஎக்ஸ்இ பக்கத்திலேயேதான் இருக்கிறது.

தம்பி, பக்கத்தில் இருப்பது போதாது. டபுள் கிளிக் செய்யும்போது, இஎக்ஸ்இ இருக்கும் ஃபோல்டரையே விண்டோஸ் அதன் வொர்க்கிங் டைரக்டரியாக, அதாவது அது நின்றுகொண்டு ஃபைல்களைத் தேடும் ஃபோல்டராக, வைத்துவிடுகிறது. பைத்தான் அப்படிச் செய்யாது. தான் எந்த ஃபோல்டரில் நிற்கிறதோ, அதையே கூப்பிட்ட புரோகிராமுக்கும் கொடுத்துவிடும். 'நேராகப் போய் இரண்டாவது இடது' என்று வழி சொன்னால் வேலூர் கிரீன் சர்க்கிளில் நிற்பவர் கடைக்கு வந்து சேர்வார், காட்பாடி ஸ்டேஷன் வாசலில் நிற்பவர் வேறெங்கோ போவார். வெறும் ஃபைல் பெயரும் அப்படித்தான்.

ரன்னுக்குள் சிடபிள்யூடி (cwd, கரன்ட் வொர்க்கிங் டைரக்டரி) என்ற ஆர்குமென்ட்டைச் சேர்த்து, இஎக்ஸ்இ இருக்கும் ஃபோல்டரைக் கொடு. அதோடு இஎக்ஸ்இயின் பெயரையும் முழு பாத்தாகவே, டிரைவிலிருந்து தொடங்கும் முழு முகவரியாகவே, எழுது. சிடபிள்யூடி கொடுத்துவிட்டோமே, பெயர் மட்டும் போதும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். லினக்ஸில் புள்ளி, சாய்கோடு போட்டு எழுதிய பெயரை அந்தப் புது ஃபோல்டரிலிருந்து தேடும். விண்டோஸில் இஎக்ஸ்இயைத் தேடும்போது சிடபிள்யூடி கணக்கில் வராது. ஒரே வரி இரண்டு கணினியில் இரண்டு விதமாக நடப்பது இதனால்தான். இன்னொன்று: பாத் எழுதும்போது மேற்கோள் குறிக்கு முன் ஆர் (r) எழுத்தைப் போட்டுவிடு. இல்லாவிட்டால் பின்சாய்கோடும் அடுத்து வரும் 'n' எழுத்தும் சேர்ந்து புது வரியாகிவிடும்.

காட்பாடி, கல்லூரி மாணவி: சார், ஓஎஸ்.சிஸ்டம் வைத்து, ஃபோல்டர் மாற்றும் சிடி கமாண்ட் கொடுத்தேன். பிழை எதுவும் வரவில்லை, ஆனால் அடுத்த வரியில் பழைய ஃபோல்டரிலேயே இருக்கிறது.

ஒவ்வொரு ஓஎஸ்.சிஸ்டமும் கமாண்டுகளை ஓட்டும் ஷெல் ஒன்றைப் புதிதாகத் திறக்கும், வேலை முடிந்ததும் மூடிவிடும். நீங்கள் மாற்றியது அந்த ஷெல்லின் ஃபோல்டரை. அது மூடியதும் மாற்றமும் போய்விட்டது. இங்கேயும் சப்பிராசஸ்.ரன்னில் சிடபிள்யூடி கொடுப்பதுதான் வழி.

ஆற்காடு, போட்டோ ஸ்டுடியோ: கல்யாண வீடியோக்களை எஃப்எஃப்எம்பெக் வைத்து, ஒரே ஸ்கிரிப்ட்டுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் நான்கு த்ரெட்டில் மாற்றுகிறேன். ஒவ்வொன்றிலும் ஓஎஸ்.சிஎச்டிர் போட்டு அந்தந்த வீட்டு ஃபோல்டருக்குப் போகிறேன். சில நாள் ஒரு வீட்டு வீடியோ இன்னொரு வீட்டு ஃபோல்டரில் விழுகிறது.

உடனே நிறுத்துங்கள். ஒரு பிராசஸுக்கு, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு புரோகிராமுக்கு, ஒரே ஒரு வொர்க்கிங் டைரக்டரிதான், நான்கு த்ரெட்டுக்கும் சேர்த்து. ஒன்று மாற்றினால் மற்ற மூன்றுக்கும் மாறிவிடும். பைத்தான் 3.11 பதிப்பில் கான்டெக்ஸ்ட்லிப் என்ற மாடியூலில் வந்த சிஎச்டிர் வேலை முடிந்ததும் பழைய இடத்துக்குத் திரும்பும், ஆனால் இந்தக் குழப்பத்தை அதுவும் தடுக்காது. சிடபிள்யூடி கொடுத்தால் பிறக்கும் புரோகிராமுக்கு மட்டும்தான் ஃபோல்டர் மாறும், உங்கள் பைத்தான் இருந்த இடத்திலேயே இருக்கும்.

ராணிப்பேட்டை, தோல் கம்பெனி கணக்குப் பிரிவு: பகலில் நான் ஓட்டினால் ரிப்போர்ட் வருகிறது. இரவு பத்து மணிக்கு டாஸ்க் ஷெட்யூலர் ஓட்டினால் வருவதில்லை.

இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நான் அடிபட்டிருக்கிறேன். ஒரு கடைக்கு பேக்கப் ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தேன். ஜிப் செய்யும் புரோகிராமைக் கூப்பிட்டு, வெறும் 'பேக்கப்' என்ற ஃபோல்டரில் போடச் சொல்லியிருந்தேன். அட்மின் உரிமையோடு தினமும் ஓடியது, பிழையே இல்லை. மூன்று மாதம் கழித்து டிஸ்க் போனது. பேக்கப் இருக்கும் என்று நினைத்த டி டிரைவில் திறந்து பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஷெட்யூலரில் 'ஸ்டார்ட் இன்' பெட்டியை நான் காலியாக விட்டதால், எல்லாம் விண்டோஸின் சிஸ்டம்32 ஃபோல்டருக்குள், செத்துப்போன அதே டிஸ்க்கில் விழுந்திருந்தது. அந்தக் கடைக்காரர் முகம் இன்னும் மறக்கவில்லை.

எனவே 'ஸ்டார்ட் இன்' பெட்டியை நிரப்புங்கள், அதில் மேற்கோள் குறி போடாதீர்கள். அதை மட்டும் நம்பியும் இருக்காதீர்கள். ஸ்கிரிப்ட்டின் முதல் வரிகளிலேயே, முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடிக்கோடு போட்ட ஃபைல் என்ற மாறியை பாத்லிப்பின் பாத்துக்குள் கொடுத்து, ரிசால்வ் செய்து, பேரன்ட் எடுங்கள். அதுதான் ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டர். மற்ற எல்லா பாத்தையும் அதிலிருந்து கட்டுங்கள். லினக்ஸில் குறித்த நேரத்தில் ஓடும் கிரான் வேலை ஹோம் ஃபோல்டரில் தொடங்கும், பின்னணியில் ஓடும் சிஸ்டம்டி சர்வீஸ் ரூட்டில் தொடங்கும். இப்படி எழுதிவிட்டால் எங்கே தொடங்கினாலும் கவலை இல்லை.

ஆரணி, பட்டு நெசவு டிசைன்: புரோகிராம் இருக்கிறது, பாத்தும் சரி. ஆனாலும் ஃபைல்நாட்ஃபவுண்ட்எரர்.

லினக்ஸ் என்றால், பிழைச் செய்தியின் கடைசியில் இருக்கும் பெயரைப் படியுங்கள். சிடபிள்யூடியில் கொடுத்த ஃபோல்டர் இல்லாவிட்டாலும் லினக்ஸில் இதே பிழைதான் வரும். விண்டோஸில் நாட்எடைரக்டரிஎரர் என்ற பிழை 267 என்ற எண்ணோடு வரும். அலைக்குறி போட்டு ஹோம் ஃபோல்டரைக் கொடுத்திருந்தால் அதை பைத்தான் தானாக விரிக்காது, எக்ஸ்பாண்ட்யூசர் போட வேண்டும்.

ஆம்பூர், ஷூ கம்பெனி: அண்ணா, சர்வரில் ஷேர் செய்த ஃபோல்டரை சிடபிள்யூடியாகக் கொடுத்து ஒரு பேட்ச் ஃபைலை ஓட்டினேன். அது விண்டோஸ் ஃபோல்டரில் போய் நிற்கிறது.

இரண்டு பின்சாய்கோட்டில் தொடங்கும் நெட்வொர்க் பாத்தை, பேட்ச் ஃபைலை ஓட்டும் சிஎம்டி நடப்பு ஃபோல்டராக ஏற்காது. எச்சரிக்கை ஒன்றைக் காட்டிவிட்டு விண்டோஸ் ஃபோல்டருக்குப் போய்விடும். அந்த ஷேருக்கு ஒரு டிரைவ் எழுத்தை மேப் செய்து அதைக் கொடும்மா. பேட்ச் ஃபைலை மாற்ற முடியுமென்றால் அதன் தொடக்கத்தில் புஷ்டி என்ற கமாண்டோடு அந்த ஷேரின் பாத்தைப் போட்டு, முடிவில் பாப்டி போட்டாலும் சரி.