குள்ளநரியைப் பார்க்க எங்கே போவது?

கேள்வி: பாடப்புத்தகத்தில் பார்த்த குள்ளநரியை நேரில் காட்டச் சொல்லி மகள் நச்சரிக்கிறாள். எந்தக் காட்டுக்குப் போவது? – ஒரு வாசகி, திருப்பூர்

காட்டுக்கே போகாதீர்கள். குள்ளநரிக்கு அடர்ந்த காடும் மலைச்சரிவும் ஆகாது, வெட்டவெளிதான் வேண்டும். உங்கள் ஊரிலிருந்து காங்கேயம், தாராபுரம் பக்கம் போனால் கிளுவை வேலி போட்ட கொறங்காடுகள் வரும், மேய்ச்சல் நிலத்துக்கு அங்கே அந்தப் பெயர். கொழுக்கட்டைப் புல், அங்கொன்றும் இங்கொன்றுமாய் வெள்வேல மரம், மேய்ந்துகொண்டிருக்கும் மாடு. அந்த மாதிரி இடம் அதற்குப் பிடிக்கும். கால்நடை ஆய்வாளராக முப்பது வருடம் அங்கே மொபெட்டில் சுற்றியவன் என்கிற தைரியத்தில் சொல்கிறேன். எல்லாம் பட்டா நிலம், சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நுழையுங்கள்.

ஆடு மேய்க்கிறவர்களுக்கு வளை எங்கே என்று தெரியும். வரப்பிலோ சின்ன மேட்டிலோ இருக்கும். ஒரே வளைக்கு நாலைந்து வாய்கூட இருக்கும். வாயில் புதுமண் தள்ளியிருந்தால் உள்ளே ஆள் உண்டு. பக்கத்துக் கல்மேல் எச்சம் கிடந்தால் குச்சியால் கிளறிப் பாருங்கள்: வண்டின் பளபள ஓடு, எலிமுடி, இலந்தைக் கொட்டை. பார்த்ததும் விலகிவிடுங்கள்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஒரு மாசி மாதம், குட்டி இருந்த வளைக்குப் பத்தடியில் போய் உட்கார்ந்தேன். பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு. இருட்டும்வரை ஒரு மூக்குகூட வெளியே வரவில்லை. மறுநாள் போனால் வளை காலி. ராவோடு ராவாகக் குட்டிகளைக் கவ்விக்கொண்டு இடம் மாறிவிட்டன. அப்புறம் எப்போது போனாலும் நூறு மீட்டருக்கு இப்பால், வேலியோரம், காற்று என் முகத்தில் அடிக்கிற பக்கமாகத்தான் உட்காருவேன்.

பொழுது சாயும் நேரம் நல்லது. முதலில் காது தெரியும். பிறகு உடம்பு: சாம்பல் நிறம், வீட்டுப் பூனையைவிடக் கொஞ்சம் பெரிசு, 2 முதல் 4 கிலோ. வால்நுனி மட்டும் மையில் தோய்த்த மாதிரி கறுப்பு. அந்த வாலைக் கவனிக்கச் சொல்லுங்கள் மகளை. சாவகாசமாக நடக்கும்போது பின்னால் தொங்கும்; ஓட்டம் பிடித்தால் நேராக நீளும்; சட்டென்று திரும்பினால் மேலே எழும்பி நிற்கும். மழைவிட்டு ஈசல் கிளம்பும் சாயங்காலம் வாய்த்தால் விடாதீர்கள், குள்ளநரிக்கு அன்று விருந்து. டார்ச் வேண்டாம், பைனாகுலர் போதும். வீட்டு நாயைக் கூட்டிப்போகவே கூடாது. வெறிநோயும் டிஸ்டெம்பர் என்கிற வைரஸ் நோயும் நாயிடமிருந்து குள்ளநரிக்குத் தொற்றும்.

கேள்வி: கோடியக்கரையில் நாய் அளவில் இரண்டைப் பார்த்தோம், இரவில் ஊளையும் கேட்டது. குள்ளநரிதானே? – ஒரு வாசகர், நாகப்பட்டினம்

இல்லை, அது நரி. பலர் நரியையே குள்ளநரி என்று சொல்லிவிடுவதால் வரும் குழப்பம் இது. நரி 8, 10 கிலோ தேறும், கூட்டமாக ஊளையிடும், உடம்புக்கு வால் குட்டை. குள்ளநரிக்கு அந்த ஊளை வராது. கடகடவென்று சின்னதாய்க் குரைக்கும். கடல் தாண்டி இலங்கைக்குப் போனால் நரி உண்டு, குள்ளநரி கிடையாது.

கேள்வி: நரிமுகத்தில் விழித்தால் யோகமாமே? – ஒரு வாசகர், வாழப்பாடி

உங்கள் ஊர்க்காரருக்கா தெரியாது! பொங்கல் சமயத்தில் வங்காநரியை வலைவைத்துப் பிடித்துவந்து ஓடவிட்ட கிராமங்கள் உங்கள் பக்கம்தானே. வங்காநரி என்பதும் இதே குள்ளநரிதான். 1972-ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பது குற்றம். வனத்துறை அபராதம் போட்டிருக்கிறது.

யோகம் பற்றி என் கணக்கு இது. காலங்காத்தாலே நரிமுகம் பார்த்த ஒரு நாளில் மொபெட் பஞ்சர். நாலு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே வந்தேன். சரி, வழியில் இன்னொரு நரியைப் பார்த்தேன்.